பெல் ஹவுசிங்குக்குள் சேறு: கழுவுறதா, திறக்கிறதா, கியர்பொக்ஸை இறக்குறதா?

மாரி தொடங்கினால் திருகோணமலையில் கராஜ் வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "வெள்ளத்துக்குள்ளால வந்தனான் நானா, இப்ப கிளச் ஒரு மாதிரியா இருக்கு. கியர்பொக்ஸ் இறக்கத்தான் வேணுமோ?" ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வரவேண்டும் என்றுதான் கேட்பவருக்கு ஆசை. ஆனால் வாகனம் எந்தத் தண்ணீரில் இறங்கியது என்று தெரியாமல் அந்தப் பதிலைச் சொல்லவே முடியாது. தம்பலகாமத்து வயல் ஓரமா, உப்பாற்றுப் பக்கமா, நிலாவெளிக் கடற்கரையா? இதைக் கேட்காமல் "இறக்குங்க" என்கிறவரையும் நம்பாதீர்கள், "ஒண்டும் செய்யாது, ஓடுங்க" என்கிறவரையும் நம்பாதீர்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதற்குப் பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. வாகனத்தை மாற்றிவிடலாம் என்று நினைக்கவும் வழியில்லை. 2020 இல் இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் திறந்து விட்டார்கள். அதற்குள் பழைய டபிள் கெப்பின் விலையே எங்கேயோ போய்விட்டது. அதனால் கையில் இருப்பதை ஒழுங்காக வைத்திருக்கத்தான் வேண்டும்.

முதலில் சேறு எப்படி உள்ளே போகிறது என்று பார்ப்போம். பெல் ஹவுசிங் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கிற வார்ப்புக் கூடு. உள்ளே பிளைவீல், கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், அதைத் தள்ளுகிற போர்க். நாங்கள் நினைப்பது போல அது இறுக்க மூடிய பெட்டி இல்லை. அடியில் ஒரு சிறு துளை இருக்கும். எஞ்சினின் பின் சீலோ கியர்பொக்ஸின் முன் சீலோ கசிந்தால் அந்த ஒயில் கிளச் பிளேட்டில் ஏறாமல் கீழே வடிந்து போவதற்காக விட்ட துளை அது. பக்கத்தில் போர்க் வெளியே வருகிற வாசல். அதற்கு ஒரு றபர் உறை உண்டு, பழைய வாகனங்களில் பெரும்பாலும் அது கிழிந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஸ்டாட்டர் மோட்டர் பொருந்துகிற முகத்தாலும் கொஞ்சம் புகும். பல பிக்கப்களில் கூட்டின் அடிப்பக்கத்தை மூடியிருப்பது நாலைந்து சின்ன பொல்ட்டில் நிற்கிற ஒரு தகரத் தட்டு மட்டும்தான்.

எஞ்சின் சூட்டோடு தண்ணீரில் இறங்கினால் கூட்டுக்குள் இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது வெளியே நிற்கிற கலங்கல் தண்ணீரை இந்த வாசல்களால் உள்ளே இழுத்துக் கொள்ளும். அந்த நேரம் பார்த்து நடு வெள்ளத்தில் கிளச்சை மிதித்து கியர் மாற்றினால், பிளேட்டுக்கும் பிளைவீலுக்கும் இடையில் விழுகிற இடைவெளிக்குள் சேறு நேரே போய் உட்காரும். முதல் கியரில் போட்டு, மிதிக்காமல், ஒரே சீராகக் கடந்து போகச் சொல்வது இதற்காகத்தான்.

உள்ளே போன சேறு அங்கேயே கிடக்காது. ஓடும்போது பிளைவீல் அதை அள்ளிச் சுற்றுச் சுவரில் வீசும், வீசியது ஒட்டும், ஒட்டியது காயும். கொஞ்ச நாள் ஓடிய வாகனத்தின் அடித்தட்டைக் கழற்றினால் இது அப்படியே தெரியும். தட்டு நிறையக் களி, அதன் நடுவில் பிளைவீலின் பற்கள் வழித்துக் கொண்டு போன வளைந்த பள்ளம், கடைந்து எடுத்ததுபோல வழவழவென்று. ஓரத்தில் வைக்கோல் துண்டு, ஊரிச் சிப்பி, சில நேரம் முளைவிட்ட நெல்லுமணி. பிரஷர் பிளேட்டின் விரல்களுக்கு இடையிலும் அதே களி இறுகியிருக்கும். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் ஒட்டியிருந்தால் குறிப்பிட்ட வேகத்தில் வாகனம் அதிரும். அதை எஞ்சின் மவுண்ட் போய்விட்டது என்று நினைத்து மவுண்ட் மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

எந்தச் சேறு?

இந்த மாவட்டத்தில் மூன்று வகைச் சேறு உண்டு, மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். எந்த வழியில் போவது என்கிற முடிவில் பாதி இங்கேயே வந்துவிடும்.

கந்தளாய், தம்பலகாமம், அல்லை, சேருநுவர வயல்களின் களி நல்ல தண்ணீர்ச் சேறு. நுணுக்கமானது, ஈரமாக இருக்கும்வரை தண்ணீரோடு கரைந்து வரும், காய்ந்தால் சீமெந்து. இதற்கு எதிரி நேரம். வாகனம் வந்த அன்றோ அடுத்த நாளோ கழுவினால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். ஒரு கிழமை வெயிலில் நின்ற வாகனத்துக்கு அதே கழுவல் பாதிதான் வேலை செய்யும்.

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்து மணல் வேறு. புல்மோட்டை மணலில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கன் எல்லாம் கலந்திருக்கிறது. கனிய மணல் கூட்டுத்தாபனம் அங்கே இருப்பதே அதனால்தான். இல்மனைற் என்கிற கறுப்பு மணல் சாதாரண மணலைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு பாரம். அதனால் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டால் வெள்ளை மணல் வழிந்து வந்துவிடும், கறுப்பு மணல் அடியிலேயே கிடக்கும். தண்ணீர் தெளிவாக வருகிறதே, முடிந்தது என்று நினைப்பீர்கள். சிர்க்கன் சாதாரண இரும்பைக் கீறுகிற அளவுக்குக் கடினமானது. கிளச் பிளேட் முகத்துக்குள் நாலு மணி அகப்பட்டால் போதும், பிளைவீலில் வட்டம் வட்டமாகக் கோடு விழுந்துவிடும். மணலுக்குத் தண்ணீரைவிட உறிஞ்சுகிற மெசினும் கையும்தான் சரி. காய்ந்தாலும் களிபோல இறுகாது என்பது மட்டும் ஆறுதல்.

மூன்றாவது உப்புச் சேறு. கொட்டியாரக் குடா ஓரம், தம்பலகாமக் குடா ஓரம், கிண்ணியா, உப்பாறு, இறால்குழிப் பக்கத்துச் சதுப்பு. பார்வைக்குக் கறுத்த களிதான், ஆனால் உள்ளே உப்பு. மாரியில் ஆற்று வெள்ளம் வந்து கலந்திருந்தால் உப்புக் குறைவாக இருக்கும், கோடையில் இறங்கியதென்றால் கடல் தண்ணீரேதான். சந்தேகம் இருந்தால் சில்லில் காய்ந்த சேற்றைப் பாருங்கள், ஓரத்தில் வெள்ளை படிந்திருக்கும். உப்பு போன இடத்தில் துருப் பிடிக்க ஓர் இரவு போதும். பிளைவீல் வார்ப்பு இரும்பு, பிளேட் அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். காலையில் கிளச்சை மிதித்தால் பெடல் போகும், கிளச் விடாது. அலுமினியக் கூட்டில் இரும்பு பொல்ட் இருக்கிற இடங்களில் உப்பு இரண்டையும் சேர்த்துத் தின்று பொல்ட்டைப் பிடிக்க வைத்துவிடும். ஒரு வருசம் கழித்துக் கழற்றப் போகிறவர் அந்தப் பொல்ட்டை முறித்துக் கொண்டு நிற்பார்.

ஒன்றும் செய்யாமல் ஓடுவது

இதையும் ஒரு வழியாகத்தான் எண்ண வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். தண்ணீர் சில்லின் நடுப்பகுதிக்குக் கீழே நின்று, விரைவாகக் கடந்து வந்து, கிளச்சில் சத்தமோ வழுக்கலோ இல்லையென்றால் இதில் பிழை இல்லை. அடித்துளை திறந்திருக்கிறதா என்று ஒரு கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு ஓடலாம். துளியாகச் சேற்றுத் தண்ணீர் வந்தால் பைப்பால் மெதுவாகக் கழுவுகிற வழிக்குப் போங்கள். கட்டியாகச் சேறு கம்பியில் ஒட்டி வந்தாலோ, கம்பி ஏறவே இல்லையென்றாலோ "தானாகக் காய்ந்து கொட்டிவிடும்" என்கிற கதையை விட்டுவிட வேண்டும். காயும், கொட்டாது.

சேர்விஸ் ஸ்டேசன் பிரஷர்

வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் ஓடுகிற இடம். வாகனத்தை லிப்டில் ஏற்றி, அடியில் பிரஷர் பைப்பைப் பிடித்து அடிப்பார்கள். சேசிஸுக்கும் மட்கார்டுக்கும் நல்லது. பெல் ஹவுசிங் வாசல்களில் அந்தப் பிரஷரைப் பிடிக்க விடாதீர்கள். ரிலீஸ் பெயாரிங் சீல் செய்ததுதான், ஆனால் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை. கிரீஸைக் கழுவிச் சேற்றை உள்ளே ஏற்றும். அதன் பலன் அன்றைக்குத் தெரியாது. கொஞ்ச வாரம் போய், பெடலில் கால் வைத்த உடனே கீச்சென்று கத்தத் தொடங்கும். கியர்பொக்ஸின் முன் சீலுக்கும் அதே கதை. காசும் குறைவு, நேரமும் குறைவு என்று பார்த்தால் இதுதான் மலிவான வழி. கடைசியில் கியர்பொக்ஸ் இறக்க வைக்கிற வழியும் இதுதான்.

இதோடு சேர்த்து ஒன்று. அடியில் டீசலும் பழைய ஒயிலும் கலந்து அடிக்கிற பழக்கம் இங்கே இருக்கிறது, துருப் பிடிக்காது என்பதற்காக. அந்தக் கலவை போர்க் வாசலால் உள்ளே போனால் கிளச் பிளேட்டின் முகம் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அந்தப் பிளேட் வழுக்கிக் கொண்டேதான் இருக்கும். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் பாவிப்பதும் அப்படித்தான்.

பைப்பால் மெதுவாகக் கழுவுவது

வீட்டிலேயே செய்யக்கூடியது, செலவு இல்லாதது, வயல்களிக்கு மட்டும் நம்பக்கூடியது. போர்க் வாசலின் றபர் உறையை நகர்த்திவிட்டு சாதாரணத் தோட்டப் பைப்பை உள்ளே விட்டு, அடித்துளையால் தண்ணீரை வெளியேற்றுவது. அடித்துளை சின்னதாக இருப்பதால் தட்டுள்ள வாகனமாக இருந்தால் அந்தத் தட்டைத் தளர்த்தி விடுவது நல்லது. பிளைவீலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் சுத்தமாகும். கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினின் முன்பக்கத்தில் பெல்ட் ஓடுகிற கிராங் கப்பியின் நட்டில் ஸ்பனரைப் போட்டுச் சுற்றலாம். டீசல் எஞ்சின் என்றால் கை வலிக்கும். வாகனத்தை மேல் கியரில் போட்டு இரண்டு பேர் தள்ளினால் இலகு.

எந்தத் தண்ணீரால் கழுவுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நிலாவெளி, கிண்ணியாப் பக்கத்தில் கரையோரக் கிணறுகள் பல உவர். உப்புச் சேற்றை உவர்த் தண்ணீரால் கழுவுவதில் அர்த்தம் இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லையென்றால் மழைத் தண்ணீர் பிடித்துக் கழுவுங்கள்.

கழுவி முடிந்ததும் காய வைக்க வேண்டும். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பழைய மிசின்காரர்களிடம், அதாவது உழவு இயந்திரம் ஓட்டுபவர்களிடம், ஒரு வழக்கம் உண்டு: கிளச் பெடலை முழுக்க அமத்தி, பெடலுக்கும் சீட்டின் அடிக்கும் இடையில் ஒரு தடியை முட்டுக் கொடுத்துவிட்டு இரவு முழுக்க நிறுத்துவது. பிளேட் பிளைவீலில் படாமல் விலகி நிற்கும், காற்றுப் போய் வரும், ஒட்டிப் பிடிக்காது. காருக்கும் பிக்கப்புக்கும் இது அப்படியே பொருந்தும். சில்லுக்குக் கல் வைக்க மறக்காதீர்கள், கியரில் நிற்கிறது என்று நினைத்தாலும் கிளச் விடுபட்ட வாகனம் கியரில் இல்லாததற்குச் சமம். அடுத்த நாள் தடியை எடுத்து, முதல் கியரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளச்சை வழுக்க விட்டு நாலைந்து தரம் நகர்த்தினால் மிச்ச ஈரம் ஆவியாகும். மணம் வரத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், அது ஈரம் போகிற மணம் இல்லை.

ஸ்டாட்டரையும் அடித்தட்டையும் கழற்றித் திறப்பது

எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான், ஆனால் ஆட்கள் குறைவாகக் கேட்கிற வழியும் இதுதான். கராஜ்களும் முன்வந்து சொல்வதில்லை. கழுவுவதைப் போல இலேசும் இல்லை, கியர்பொக்ஸ் இறக்குவதைப் போல உழைப்புக்கு ஏற்ற கூலியும் கேட்க முடியாது. நடுவில் மாட்டிக்கொண்ட வேலை. ஒரு நல்ல மெக்கானிக்குக்கு அரைநாள் போதும்.

முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயர். ஸ்டாட்டருக்கு வருகிற தடித்த வயரில் சாவி இல்லாமலே எப்போதும் மின்சாரம் நிற்கும், ஸ்பனர் உடம்பில் பட்டால் வெல்டிங் அடிக்கும். பிறகு வாகனத்தை ஜக்கில் மட்டும் நம்பாமல் ஸ்டாண்டிலோ நல்ல மரக்குத்தியிலோ நிறுத்தி, ஸ்டாட்டரைக் கழற்றுவது. அந்த வாசலில் பிளைவீலின் ரிங் கியர் பற்கள் நேரே தெரியும். தட்டைத் திருப்புளியால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளியே பிளைவீலைச் சுற்றலாம், முன்னால் ஆள் தேவையில்லை. அடித்தட்டையும் கழற்றினால் மேலேயும் கீழேயும் இரண்டு பெரிய வாசல். சேற்றை மரச்சுரண்டியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் எடுத்து, மணலை உறிஞ்சி எடுத்து, கடைசியில் மட்டும் தண்ணீர். பிரேக் கிளீனர் கிடைத்தால் பிளைவீல் முகத்துக்கு அதுதான் நல்லது. மிச்சம் வைக்காமல் பறந்து போகும்.

காய்ந்த தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கிளச் பிளேட்டுகளின் முகத்தில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். அந்தத் தூசியை மூச்சில் எடுப்பது சுவாசப்பைக்குக் கேடு, அதுவும் உடனே தெரியாத கேடு. ஈரப்படுத்திவிட்டு எடுங்கள், காற்றடிப்பதைத் தண்ணீர் உலர்த்துகிற நேரத்துக்கு வையுங்கள். கராஜில் வேலை பழகுகிற பொடியன்கள்தான் பெரும்பாலும் அடியில் படுத்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப் பெரியவர்கள் வேண்டும்.

இந்த வழியின் பெரிய இலாபம் சுத்தம் மட்டும் இல்லை. பார்க்க முடிகிறது. சின்ன ரோச்சும் ஒரு கண்ணாடித் துண்டும் போதும். போனில் மாட்டுகிற குழாய்க் கமெரா இருந்தால் இன்னும் நல்லது. பிளேட்டின் ஓரம் எவ்வளவு தடிப்பு மிச்சம், பிளைவீலில் கோடு விழுந்திருக்கிறதா, பின் சீலிலிருந்து ஒயில் வழிந்த தடம் இருக்கிறதா, துரு மேலோட்டமா ஆழமா என்று எல்லாம் தெரியும். கியர்பொக்ஸ் இறக்க வேண்டுமா என்கிற கேள்விக்கு ஊகத்தால் இல்லாமல் கண்ணால் பதில் வரும். கழற்றிய ஸ்டாட்டரையும் சும்மா திருப்பிப் போடாதீர்கள். பெல் ஹவுசிங்குக்குள் தண்ணீர் போன வாகனத்தில் ஸ்டாட்டருக்குள்ளும் போயிருக்கும். பிரித்துக் காய வைத்து, முன் கியர் ஓடுகிற தண்டைத் துடைத்துப் போட்டால் பிறகு காலையில் "டிக் டிக்" என்று நிற்காது.

முடியாத இடமும் உண்டு. கிளச் பிளேட் ஏறி நிற்கிற பல்தண்டு, ரிலீஸ் பெயாரிங்கின் உட்பக்கம், பிளைவீல் நடுவில் இருக்கிற பைலட் பெயாரிங் இவை மூன்றையும் இந்த வாசல்களால் தொட முடியாது. உப்புத் தண்ணீரில் நனைந்தால் முதலில் கெடுவது இந்த மூன்றும்தான்.

கியர்பொக்ஸை இறக்குவது

உப்புச் சேறு என்றால் மற்ற வழிகளைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, பெடலுக்குத் தடி வைத்து, வசதி வந்த முதல் நாளிலேயே இறக்குங்கள். கழுவுவது இங்கே தீர்வு இல்லை, நாள் வாங்குவது மட்டும்தான். வேறு எந்தச் சேறாக இருந்தாலும் மூன்று அறிகுறிகள் இருந்தால் இறக்கத்தான் வேண்டும். காய்ந்த பிறகும் வழுக்குவது. பெடலை மிதிக்கும்போது கத்துவது. முழுக்க மிதித்தும் கியர் கரகரவென்று விழுவது. வழுக்கலைச் சோதிக்க மட்டமான இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாம் கியரில் கிளச்சை விட்டுப் பாருங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் கிளச் பிடிக்கவில்லை.

இறக்கினால் பாதியில் நிற்காதீர்கள். கூலிதான் பெரிய செலவு, அது ஒரு தரம்தான். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு பழைய ரிலீஸ் பெயாரிங்கைத் துடைத்துப் போடுகிற சிக்கனம், அடுத்த மாரிக்கு முதல் திரும்ப இறக்க வைக்கும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், பைலட் பெயாரிங், கியர்பொக்ஸ் முன் சீல் எல்லாம் ஒன்றாக. பின் சீலில் ஈரம் இருந்தால் அதுவும். பிளைவீலில் கோடு இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். திருப்பி ஏற்றும்போது பிளேட்டை நடுவில் நிறுத்துகிற டம்மி தண்டு பாவிக்கிறார்களா என்று பாருங்கள். கியர்பொக்ஸின் முழுப் பாரத்தையும் பல்தண்டில் தொங்கவிட்டுத் தள்ளினால் புதுப் பிளேட்டின் நடுவே வளைந்துவிடும். நாலு சில்லும் இழுக்கிற டபிள் கெப்பில் டிரான்ஸ்பர் பொக்ஸும் சேர்ந்து வருவதால் இரண்டு பேர் நெஞ்சில் ஏந்துகிற வேலை அது இல்லை. ஜக் இல்லாத இடத்தில் செய்ய விடாதீர்கள்.

உழவு இயந்திரம், லான்ட் ரோவர், ஒட்டோ கியர் வாகனம்

மிசினுக்குக் கணக்கு வேறு. அதில் தனிச் சேசிஸ் இல்லை. எஞ்சினும் கிளச் கூடும் கியர்பொக்ஸுமே முதுகெலும்பு. கிளச்சைப் பார்க்க வேண்டுமென்றால் மிசினையே நடுவில் பிரித்து இரண்டு துண்டாக நகர்த்த வேண்டும். முன் அச்சு சாயாமல் இரண்டு பக்கமும் ஆப்பு அடித்து, பின் பாதியைத் தாங்கி வைத்துச் செய்கிற வேலை அது, விதைப்புக் காலத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் மிசினுக்கு மட்டும் நான் கழுவுவதன் பக்கம்தான். சேற்றிலேயே வாழ்கிற வண்டி, எல்லாம் வயல்களி, தினமும் ஓடுகிறது. பக்கத்தில் கை விடுகிற மூடி இருந்தால் அதைத் திறந்து கழுவி, வேலை முடிந்த நாட்களில் பெடலுக்குத் தடி வைத்தாலே நெடுநாள் போகும். சில மிசின்களில் அடித்துளையில் ஒரு சின்ன ஊசி பின் தொங்கும். அது ஓடும்போது ஆடி ஆடித் துளையை அடைபடாமல் வைத்திருப்பதற்காகப் போட்டது. ஏதோ கழன்று தொங்குகிறது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள்.

லான்ட் ரோவர் டிபென்டரில் இந்த யோசனையைக் கம்பனியே செய்திருக்கிறது. பெல் ஹவுசிங் அடித்துளைக்கு ஒரு திருகு மூடி உண்டு; தண்ணீரில் இறங்குமுன் பூட்டி, வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். இங்கே ஓடுகிற பழைய டிபென்டர்கள் பலவற்றில் அது எப்போதும் பூட்டியே கிடக்கும். உள்ளே போன தண்ணீரும் கசிந்த ஒயிலும் வெளியே வர வழியில்லாமல் கிளச்சோடேயே நிற்கும். மற்ற வாகனங்களில் அதைப் பார்த்து அடித்துளையை எம்-சீல் பசை வைத்து அடைக்கிறவர்களும் உண்டு. அதே கேட்டைக் கையால் செய்து கொள்வதுதான் அது.

பெரும்பாலான ஒட்டோ கியர் வாகனங்களில் அந்த இடத்தில் கிளச் பிளேட் இல்லை, எஞ்சின் சுழற்சியை ஒயிலால் கடத்துகிற டோர்க் கொன்வேட்டர்தான். அது மூடிய பாத்திரம். சேறு ஒட்டினால் அதிரும், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டைக் கழற்றித் துடைத்தால் போதும். அங்கே பயப்பட வேண்டியது கியர் ஒயிலுக்குள் தண்ணீர் போவதுதான்.

அது கைக்கியருக்கும் பொருந்தும், எந்த வழியைத் தெரிவு செய்தாலும் பொருந்தும். கியர்பொக்ஸின் மேலே ஒரு சுவாசக் குழாய் இருக்கும், தண்ணீர் அதற்கு மேலே ஏறியிருந்தால் உள்ளேயும் இறங்கியிருக்கும். நிரப்புகிற நட்டைத் திறந்து சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் முழுக்க வடித்து மாற்ற வேண்டும். பித்தளை சின்க்ரோ (கியர் விழும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம்) உள்ள கியர்பொக்ஸுக்கு கைப்புத்தகத்தில் சொன்ன தரம் பார்த்து ஊற்றுங்கள், பெரும்பாலும் ஜீஎல் 4. முன் பின் டிப்பரென்ஷலிலும் அதே மாதிரி விரல் விட்டுப் பாருங்கள். பெல் ஹவுசிங்கைச் சுத்தமாக்கிவிட்டு டிப்பரென்ஷலை மறந்து, இரண்டு மாதத்தில் பின்னால் உறுமலோடு வருகிற வாகனங்கள் ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் வரும்.

வேலையை ஒப்படைக்கும்போது "கிளச் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு உயரத் தண்ணீரில், எத்தனை நாள் முதல் என்று சொல்லுங்கள். முதலில் ஸ்டாட்டரையும் தட்டையும் மட்டும் கழற்றி, போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவதா என்று பேசுவோம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இறக்கினால் கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். போர்க் வாசலுக்குப் புது றபர் உறை போட்டார்களா என்று மட்டும் குனிந்து ஒரு தரம் பாருங்கள்; சின்னச் சாமான் என்பதால் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.